செவ்வாய் கிரகமும் பரீதாக்கா குடமும்

போன வாரம் எங்கள் லைன் வீட்டில் புரட்சி நடந்தது. தலைமை தாங்கியது என் மகள் செல்வி. ஏழாம் வகுப்பு.

கண்ணுகளா, இந்த வாரம் கொஞ்சம் அசதியோடுதான் எழுதுகிறேன். பம்ப்செட் பட்டறையில் ஓவர்டைம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே ஒரு சுதந்திரப் போராட்டம்... ஒரு மனிதன் எத்தனை ஷிப்ட்தான் பார்ப்பான்?

எல்லாம் டிவியில் ஆரம்பித்தது. கேபிளில் ஓர் இங்கிலீஷ் தொடர் வருகிறது. மனிதர்கள் செவ்வாய் கிரகத்தில் குடியேறிச் சுரங்கம் வெட்டுகிறார்கள். வெட்டியதெல்லாம் பூமிக்குப் போய்விடுகிறது. அவர்கள் மூச்சு விடும் காற்றுக்கு ஒரு மெஷின். அதன் சுவிட்ச் பூமிக்காரர்கள் கையில். எதிர்த்துப் பேசினால் காற்றைக் குறைத்துவிடுவார்கள். பொறுத்துப் பார்த்தவர்கள், “இனி நாங்கள் தனி நாடு” என்று கிளம்பிவிட்டார்கள்.

இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். மீதியைச் செல்வி சொல்லுவாள். அதிலும் பாதி அவளாகச் சேர்த்தது என்று எனக்குச் சந்தேகம்.

“ஏனுங்கப்பா, மேல இருக்கறவங்க சொல்றது தப்புன்னா எதுத்து நிக்கலாமுங்களா?” என்று கேட்டாள்.

“நிக்கலாங்கண்ணு. நம்ம நாடே அப்படி எதுத்து நின்னுதான வந்துச்சு” என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டேன். பெரிய கேள்விக்குச் சாப்பாட்டு நேரத்தில் பதில் சொல்லக்கூடாது என்பது இப்போது தெரிகிறது.

எங்கள் லைனில் வரிசையாக இருக்கும் வாடகை வீடுகளுக்கும் ஓனர் வீட்டுக்கும் சேர்த்துக் குழாய் ஒன்றுதான். சிறுவாணித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள், விடியற்காலையில் வரும். முந்தின நாள் சாயங்காலமே குடத்தைக் கொண்டுபோய் வைத்து இடம் பிடிப்பது வழக்கம். முதலில் வைத்தவர் முதலில் பிடிக்கலாம். ஆனால் ஓனர் வீட்டுக் குடங்கள் மட்டும் எப்போது வந்தாலும் முன்னால் போய் நிற்கும். யாரும் வாயைத் திறந்ததில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் எப்படித் திறப்பார்கள்?

பிள்ளைகள் திறந்தார்கள். ஒரு விடியற்காலையில் செல்வியும் அவள் கூட்டமும் ஓனர் குடங்களைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு, குழாயைச் சுற்றி நின்றுகொண்டார்கள். பெண்களும் ஒவ்வொருவராக வந்து கூட நின்றார்களாம். ஓனருக்குக் கோபம். நேராகப் போய் வாசலில் இருந்த வால்வை மூடிவிட்டார். அவர் வீட்டுத் தண்ணீரும் அதே வால்வு வழியாகத்தான் வரவேண்டும் என்பது அந்தக் கோபத்தில் அவருக்கு ஞாபகம் இல்லை. அவர் சம்சாரம் வெளியே வந்து, “ஏனுங்க, இன்னிக்கு நம்மூட்டுலயும் சோறாக்க வேண்டாமுங்களா?” என்று கேட்டார். வால்வு திறந்தது. அன்றிலிருந்து ஓனர் குடமும் வந்த வரிசையில்தான் நிற்கிறது.

நிஜமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பட்டறையில் நாலு பேரிடம் சொன்னேன்கூட.

ஆனால் கூட நிற்காத ஒருவர் உண்டு. பரீதாக்கா. கடைசி வீடு. புருஷனுக்கு ஜவுளி வியாபாரம். போன வருஷம் அவர் தாராபுரம் போயிருந்த நேரத்தில் பரீதாவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும், குழந்தை பிறக்கும்வரை பக்கத்தில் இருந்ததும் ஓனர் சம்சாரம்தான். அதனால், “நியாயம் உங்க பக்கந்தான் கண்ணு. ஆனா அந்தம்மா வெச்ச குடத்த நகத்தறதுக்கு நான் வரமாட்டேன்” என்று சொல்லிவிட்டாராம்.

பிள்ளைகள் வைத்த பெயர் — துரோகி.

அடுத்த தண்ணீர் நாள். மூன்றாவதாக இருந்த பரீதாக்கா குடம் விடியும்போது கடைசிக்குப் போயிருந்தது. அவர் முறை வருவதற்குள் தண்ணீர் நூலாகி, நின்றே போனது. குழந்தையின் துணியெல்லாம் பக்கெட்டில் அப்படியே கிடக்க, வெறும் குடத்தோடு வீட்டுக்குள் போய்விட்டார். சண்டை போடவில்லை. என் சம்சாரம் எங்கள் குடத்தில் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் வந்ததும் எனக்கு விஷயம் தெரிந்தது. கால் வலி ஒருபக்கம். பேசாமல் படுத்துவிடலாமா என்றுகூட இருந்தது. செல்வியைக் கூப்பிட்டேன்.

“பரீதாக்கா குடத்த நகத்துனது யாரு, அம்மணி?”

“நாங்கதானுங்க. அவங்கதான் நம்ம பக்கம் நிக்கலீங்களே.”

“ஓனர் எதுக்கு அவர் குடத்த முன்னாடி வெச்சாரு?”

“அவுரு ஊடுங்கற திமிருதானுங்க.”

“செரி. நீங்க எந்தத் திமிருல பின்னாடி வெச்சீங்க?”

செல்வி பாவாடை ஓரத்தைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, “அப்போ நாங்க எதுத்ததே தப்புங்களாப்பா?” என்றாள். கண்ணில் தண்ணீர்.

இதுதான் கஷ்டமான கேள்வி, கண்ணுகளா. தப்பு என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி. நாளை முதல் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஓனருக்கும் சந்தோஷம். ஆனால் அது பொய் அல்லவா? குடத்தை முன்னால் வைத்தது அநியாயம். அதை எதிர்த்தது சரி. அதில் மாற்றமே இல்லை.

அப்படியே சொன்னேன். கூடவே இதையும் சொன்னேன். பரீதாக்கா ஓனர் பக்கம் போகவில்லை. தனக்கு உதவி செய்தவரின் பொருளைத் தொடமாட்டேன் என்றார். அவ்வளவுதான். சுதந்திரம் கேட்கிறவர்கள், “நான் வரவில்லை” என்று சொல்கிறவருக்கும் மூச்சுவிட இடம் வைக்க வேண்டாமா? பூமிக்காரன் காற்றைக் குறைத்தான்... நீங்கள் தண்ணீரைக் குறைத்தீர்கள். வேறென்ன வித்தியாசம்?

மறுநாள் சாயங்காலம் வரிசை வைக்கும் நேரம். செல்வி யாரிடமும் சொல்லாமல் போய், நான்காவதாக இருந்த பரீதாக்கா குடத்தை எடுத்து எல்லாவற்றுக்கும் முன்னால் வைத்தாள். அவளுக்குத் தெரிந்த மன்னிப்பு அது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பரீதாக்கா வெளியே வந்தார். பார்த்தார். ஒற்றைக் கையால் குடத்தை எடுத்து, பழையபடி நான்காவது இடத்தில் வைத்தார்.

“மொதல்ல வேண்டாங்கண்ணு. நான் வெச்ச எடத்துலயே இருக்கட்டும். காத்தால வந்து பாக்கறப்பவும் அங்கயே இருந்தாப் போதும்.”

செல்வி தலையை ஆட்டினாள். மற்ற பிள்ளைகளும் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள். யாரும் கை தட்டவில்லை.

புரட்சி செய்ய ஒரு விடியற்காலை போதும், கண்ணுகளா. வரிசையைக் காப்பாற்றத்தான் ஒவ்வொரு தண்ணீர் நாளும் எழுந்திருக்க வேண்டியிருக்கிறது!