குடைக் கம்பியில் ஆகாச கருடன்

“...கெழங்கு வாடிப்போனா வீட்டுக்கு ஆவாதுன்னு யாரும்மா சொன்னது? எங்க கட்டின, அத சொல்லு மொதல்ல” என்கிறார் மூலிகை விற்கும் அக்கா.

மயிலாப்பூர் மாட வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும் நான், அவருடைய பெரிய குடை நிழலில் ஒதுங்கியிருக்கிறேன். சாக்கின் மேல் வசம்பு, நாயுருவி வேர், வெண்கடுகு. குடைக் கம்பிகளில், திருஷ்டிக்காக வாசலில் கட்டும் ஆகாச கருடன் கிழங்குகள். மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றிலேயே துளிர்க்குமாம்.

எதிரே அபிராமபுரத்துப் பெண், நிறைமாதம். கையில் சுருங்கிய கிழங்கு. நேற்று அதைப் பார்த்த மாமியார், “புள்ளைக்கு ஏதாவது...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாராம். அந்தப் பாதிப் பேச்சுதான் இவளைத் தூங்கவிடவில்லை.

“பால்கனியிலக்கா. ஏசி வெளிப்பெட்டிக்கு மேல.”

“அடிப்பாவி! அந்த அனல்ல குந்திக்கினு இருந்தா நானே சுருங்கிடுவேன். கெழங்கு இன்னா பண்ணும்?”

இந்தப் பேச்சுக்காகவே ஒரு பஸ்ஸை விட்டுவிடுகிறேன். அவளும் சிரிக்கிறாள், ஆனால் கண் கலங்கித்தான் இருக்கிறது. “புதுசு குடுங்கக்கா. இத கடல்ல போட்டுடறேன்.”

அக்கா கிழங்கை வாங்கி நகத்தால் கீறுகிறார். உள்ளே ஈரம்.

“உயிர் கீதும்மா. நாலு நாள் இங்க காத்தாட தொங்கட்டும். துளிர் வுட்டதும் எடுத்துக்கினு போ.”

“ஐயோ, உங்களுக்கு ஏதாவது ஆயிடப்போகுதுக்கா!”

அக்கா எழுந்து, புதுக் கிழங்குகளை ஓரம் தள்ளி, தான் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே இருக்கும் கம்பியில் அதைக் கட்டுகிறார்.