கழுதைகள் தின்ற ஓடுபாதை

எங்கள் பாடசாலைக்கு நினைவு மலர் போடுகிறார்களாம். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் கெம்பஸ் முடித்தவள் நான்தான் என்று சொல்லி, மூன்று கட்டுரையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வரலாறு, கல்வி, விளையாட்டு. வரலாறு லேசு. குறிஞ்சிப்பிட்டிக்கும் கண்டக்குழிக்கும் நடுவில் ஓர் ஓலைக் கொட்டில், ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை. ஒரு வருடம் காற்று கொட்டிலைத் தூக்கிக்கொண்டு போனது, பிறகு கல்லால் கட்டினார்கள். கல்வி அதைவிட லேசு. கணக்கில் ஊரே பெயில், நான் உட்பட.

விளையாட்டில்தான் மாட்டிக்கொண்டேன். மண்டபச் சுவரில் ஒரு சாதனைப் பலகை இருக்கிறது. பெண்கள் நானூறு மீற்றருக்கு நேரே என் ராத்தாவின், அதாவது அக்காவின், பெயர். அந்தச் சாதனையில் எனக்கும், என் சாச்சாவுக்கும், ஆறு கழுதைகளுக்கும் பங்கு உண்டு. இதை எந்த மலரில் போடுவது?

அப்போது எனக்கு ஒன்பது வயது, ராத்தாவுக்கு ஓ.எல். பரீட்சை வருடம். ராத்தா ஓடினால் மண் கிளம்பும். ஆனால் கணக்குப் புத்தகத்தைத் திறந்ததும் தூக்கம் வரும். வலயப் போட்டிக்காகப் புத்தளம் டவுனில் மூன்று நாள் தங்க வேண்டும் என்று ராத்தா கேட்டபோது, வாப்பா வெங்காயத் தோட்டத்துச் சேற்றுக் காலோடு படியில் நின்று சிரித்தார்.

"உங்க உம்மாட ரெக்கோட்ட ஒடச்சிட்டு வா, அனுப்புறன். ஒடைக்க ஏலாட்டி வூட்ல குந்திக்கிட்டு கணக்குப் போடு."

உம்மா அதே பாடசாலையில் படித்தவர், அதே மைதானத்தில் ஓடியவர். நாங்கள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே நானூறு மீற்றருக்கு நேரே உம்மாவின் பெயர்தான் நின்றது. யாராலும் ஒடைக்க ஏலவில்லை. அது நடக்காத காரியம் என்ற தைரியத்தில்தான் வாப்பா வாக்குக் கொடுத்தார். மனைவியைப் பற்றி அவருக்கு அவ்வளவு பெருமை. மகள்தான் நடுவில் அகப்பட்டாள். அன்றிலிருந்து ராத்தா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மைதானத்தில் தனியாக ஓடத் தொடங்கினாள்.

இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டிக்கு முதல் நாள் கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. விளையாட்டு சேர் அந்த மாதம்தான் மலைநாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர், பாவம், கடை கடையாக அலைந்தார். உப்பளத்தில் வேலை செய்யும் எங்கள் சாச்சா, வாப்பாவின் தம்பி, அவரை வழியில் மறித்தார்.

"சுண்ணாம்புக்கு ஏன் சேர் இந்தப் பாடு? உப்பும் வெள்ளதானே!"

சேருக்குச் சந்தேகம். "உப்புல கோடு போட்டா நிக்குமா?"

"நிக்கிறதா? படுத்தே கிடக்கும் சேர்."

பின்னேரத்துக்குள் மூடை மூடையாக உப்பு வந்து இறங்கியது. மைதானம் கல்யாண வீடு மாதிரிப் பளபளத்தது. அதிபர் சாச்சாவுக்குக் கை கொடுத்தார். உப்பின் ருசி ஊரில் வேறு யாருக்கும் தெரியும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் ஆறு கழுதைகள். ஆறும் தலையைக் குனிந்து, ஆளுக்கொரு கோட்டை நக்கியபடி, வளைவில் வளைந்து, நேரில் நேராக, நிதானமாக வந்துகொண்டிருந்தன. ஒன்றுகூடத் தன் ஓடுபாதையை விட்டு விலகவில்லை. எங்கள் பாடசாலை வரலாற்றில் அவ்வளவு ஒழுக்கமாக யாரும் ஓடியதில்லை. கழுதை விட்ட மிச்சத்தைப் பனி கரைத்திருந்தது.

"அடேய், தொரத்துங்கடா!" என்று அதிபர் ஒலிவாங்கியிலேயே கத்தினார். ஊரே கழுதை துரத்தியது. உச்சமுனையிலிருந்து தோணியில் வந்து இறங்கிய பிள்ளைகள், இதுதான் முதலாவது நிகழ்ச்சி என்று நினைத்துக் கைதட்டினார்கள். பிரதம விருந்தினரின் வாகனம் வேறு வந்துவிட்டது. சேர் தலையில் கை வைத்துக் கதிரையில் உட்கார்ந்தார்.

"ஒரு மூடை மிச்சமிரிக்கி சேர். பழைய கோடு எனக்கு மனப்பாடம்," என்றார் சாச்சா. அடியில் ஓட்டை போட்ட பால்மா டின் ஒன்றை என் கையில் தந்தார். "புள்ள, கடைசி வளைவு ஒனக்கு. பாத்துப் போடு. உப்பு இவ்வளவுதான்."

அந்த வளைவில்தான் பூவரச மரம் நின்றது. மரத்துக்கு வெளியால் சுற்றி வந்தால்தான் நானூறு மீற்றர். ஆனால் அந்த வருடம் மர்வா இல்லத்துப் பிள்ளைகள் அந்த மரத்தையே கலங்கரை விளக்கமாக அலங்கரித்திருந்தார்கள். வலையும் வெள்ளைத் துணியும் சுற்றியதில் மரம் இருந்த தடமே இல்லை. நான் கோடு போட்டுக்கொண்டு வர, கலங்கரை விளக்கத்துக்குக் கிட்ட டின் காலியானது. சுற்றிப் போக இன்னும் ஒரு டின் வேண்டும். நடந்து போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து ஐஸ்பழக்காரன் வாசலில் மணி அடித்தான். டின்னை உதறி, மிச்சப் பொடியை மரத்துக்கு உள்ளால் குறுக்கே இழுத்து, அந்தப் பக்கக் கோட்டோடு சேர்த்துவிட்டு ஓடினேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. சதித்திட்டம் எதுவும் கிடையாது. ஐஸ்பழம்தான் காரணம்.

பெண்கள் நானூறு மீற்றர் தொடங்கியபோது உம்மா கலங்கரை விளக்கத்தின் நிழலில், மற்றப் பெண்களோடு நின்றார். கல்யாணத்துக்குப் பிறகு உம்மா அந்த மைதானத்துக்கு வந்தது அன்றுதான். விசில் ஊதியதும் ராத்தா பறந்தாள். கடைசி வளைவில் அவள் தனியாக வந்தாள். மரத்தடிக்கு வந்ததும் ஏனோ ஒரு கணம் கால் தயங்கியது. உடனே உம்மா இரண்டு கையையும் தூக்கி வேகமாக வீசினார். கழுதை திரும்ப வந்துவிட்டது, அதைத்தான் விரட்டுகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கழுதை எதுவும் இல்லை. ராத்தா முடிவுக் கயிற்றை மார்பில் வாங்கிக்கொண்டு மண்ணில் விழுந்தாள்.

புதிய சாதனை என்று ஒலிபெருக்கி அலறியபோதுதான் நான் போட்ட கோடு எனக்கு ஞாபகம் வந்தது. எங்கள் பாடசாலையில் ஒரு வழக்கம் உண்டு. சாதனை உடைந்தால், பழைய சாதனைக்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, அவர் கையாலேயே புதியவருக்கு மாலை போட வைப்பார்கள். அவர் வாயால் ஒரு சொல்லும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் சாதனை செல்லும். உம்மா இருபது அடி தூரத்தில் நின்று அந்த வளைவைப் பார்த்தவர். அந்த மரத்தை எத்தனை தரம் சுற்றி ஓடியிருப்பார்!

மேடைக்குப் போகிற வழியில் உம்மா என் முன்னால் நின்றார். என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் வெள்ளையாக உப்பு.

"கையக் கழுவு மகள்," என்றார். "கழுத வந்து நக்கும்."

மேடையில் அதிபர் ஒலிவாங்கியை நீட்டினார். "என்ன, ஒங்கட ரெக்கோட் போச்சே. ஏத்துக்கிறீங்களா?"

உம்மா திரும்பிக் கடைசி வளைவைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"எண்ட புள்ளதானே ஓடினா," என்றார். "ஏத்துக்கிறன்."

மாலை விழுந்தது. வாப்பா, வாக்குக் கொடுத்தவர், முன்வரிசையில் வாயைத் திறந்தபடி இருந்தார். "கணக்குப் புத்தகத்தையும் பேக்ல போடு" என்று மட்டும் கெஞ்சினார்.

புத்தளத்தில், சரியாக அளந்த மைதானத்தில், ராத்தா மூன்றாவதாக வந்தாள். எடுத்த நேரம் உம்மாவின் பழைய நேரத்தைவிடக் கூடுதல். சப்பாத்து சரியில்லை என்றார் சாச்சா. வாப்பா முடிவுத் தாளில் அந்த நேரத்தை இரண்டு தரம் வாசித்து, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் அங்கே நின்ற ஒரு பயிற்றுநருக்கு அவளுடைய ஓட்டம் பிடித்துவிட்டது. அந்த வழியாகவே போய்ப் போய், ராத்தா இப்போது விளையாட்டு ஆசிரியை. கோடு போடும்போது சுண்ணாம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாளாம்.

மலருக்காகப் போன கிழமை அந்த வளைவைப் பற்றி அவளைக் கேட்டேன். அப்போதே தெரியும் என்றாள். தினமும் இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றிய மரம் அன்று வலக்கைப் பக்கம் வந்ததும் நிற்கத்தான் பார்த்தாளாம். "உம்மா கையக் காட்டினா. ஓடு ஓடுன்னு. அப்புறம் நிக்க ஏலுமா?"

உம்மாவிடம், பலகையைத் திருத்தச் சொல்லி எழுதவா என்று கேட்டேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "பலகையில உள்ளத எழுது," என்றார்.

போட்டி நடந்த அன்று மாலை எல்லாரும் போன பிறகு, சித்திரம் படிப்பிக்கும் சேர் ஏணி வைத்து ஏறி, பலகையில் உம்மாவின் பெயருக்கு மேல் பச்சைப் பெயின்ட் பூசினார். காய்ந்ததும் ராத்தாவின் பெயரை எழுத வேண்டும். உம்மா மண்டபத்து நடுவில் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். எங்கள் வீட்டுக் கரண்ட் பில் வாப்பாவின் பெயரில். தெருவில் எல்லாருக்கும் உம்மா, ராத்தாவின் உம்மா. உம்மாவின் சொந்தப் பெயரை முழுதாக எழுதி வைத்திருந்த சுவர் ஊரில் அது ஒன்றுதான்.

"வாங்க உம்மா, ஐஸ்பழக்காரன் போயிருவான்," என்று நான் அவருடைய அபாயாவை இழுத்தேன்.

"இரு மகள். பெயின்ட் காயட்டும்."

உம்மாவுக்குப் பெயின்ட் வாசம் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.