மீமிசல் கடலில் இறங்காத சூரியன்

மீமிசல் கரையில் அரைமணி நேரமாகக் கடலையே பார்த்து நிற்கிறேன். கடலில் சூரியன் இறங்குவதை வீடியோ காலில் காட்டச் சொல்லியிருக்கிறாள், துபாயில் வேலை பார்க்கும் என் மகள்.

வலையை உதறிக்கொண்டிருக்கும் மீனவரைக் கேட்கிறேன். "ஏண்ணே, சூரியன் எப்ப இறங்கும்?"

"அது ஒங்க முதுகுக்குப் பின்னாடில்ல இறங்குது! இங்கிட்டுப் பாக்கணும்னா விடியக்காலையில வாங்க."

கிழக்குக் கடல்! ஐம்பத்திரண்டு வயதில் திசை தெரியாத நான், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சூரியனை ஏதோ கடைசி பஸ் மாதிரி துரத்தி ஓடுகிறேன். கருவேலங்காட்டுக்கு மேலே கொஞ்சம் சிவப்பு மிச்சமிருக்கிறது. மூச்சிரைக்க மகளை அழைத்துக் காட்டுகிறேன்.

"அழகா இருக்குப்பா. இங்க இன்னும் வெயில் கொளுத்துது. பிரேக் முடிஞ்சிருச்சு, வைக்கிறேன்."

மீதி இருட்டுவதை நான் மட்டும் நின்று பார்க்கிறேன்.