நான் குறிக்காமல் விட்ட தெரு

கண்ணுங்களா, அந்த வாட்ச்மேன் முன்னால் நான் சொன்ன பதிலை நீங்கள் இரண்டு பேரும் மறந்திருப்பீர்கள் என்று நினைக்க எனக்கு ஆசை. மறந்திருக்க மாட்டீர்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

பத்தாவதோடு படிப்பை விட்ட எனக்கு அந்த வேலை கிடைத்ததே பெங்களூரில் சந்துபொந்தெல்லாம் தெரியும் என்பதால்தான். கூரியர் பையோடு பல வருஷம் சுற்றியவன் நான். ஒரு சின்ன கம்பெனியில் மொபைல் கேம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த கேமில் நம்ம ஊரின் நிஜமான இடங்களில் பறவைகள் ஒளிந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்தபடி பிடிக்க முடியாது. அந்த இடத்துக்கு நடந்து போய் நின்றால்தான் போனில் பறவை வரும். எங்கெங்கே ஒளிக்கலாம் என்று பார்த்து, அங்கே நின்று மேப்பில் புள்ளி வைத்து, ஒரு போட்டோ எடுத்து, இரண்டு வரி எழுதி அனுப்புவது என் வேலை. பெரிய மரம், பழைய பங்களா வாசல், மார்க்கெட் என்று வைத்துக்கொண்டே போனேன். பீன்யாவில் ஒரு பாக்டரி கேட்டுக்குக்கூட வைத்தேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, வீடு எங்கே என்ற இடத்தில், பணக்கார ஏரியாவான ரிச்மண்ட் டவுனை எழுதியிருந்தேன். நம்ம நீலசந்திராக்காரர்கள் பலரும் வெளியே அப்படித்தான் சொல்வோம். பக்கத்து ஏரியாதானே, இது பெரிய பொய்யில்லை என்று ஒரு சமாதானம். நம்ம ஏரியா பேரைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுமே, அதைப் பார்க்க வேண்டாம் என்பதுதான் உண்மை.

ஒருநாள் ஆபீசில் மேடம் மேப்பைக் காட்டிக் கேட்டார். "அண்ணா, இந்த நீலசந்திரா காலியா இருக்கே. உங்க வீட்டுக்குக் கிட்டதானே? அங்க என்ன போடலாம்?"

"அங்க ஒண்ணுமில்ல மேடம். நெருக்கமா வீடுங்க, அவ்ளோதான்."

அவர் அந்த இடத்துக்குச் சாம்பல் நிறம் அடித்துவிட்டார். சாம்பல் என்றால் அங்கே பறவை கிடையாது.

கேம் வெளியானதும் நீங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டீர்கள். பிள்ளைகள் அம்மா போனைச் சூழ்ந்துகொண்டார்கள். எதிர்வீட்டுப் பையன்தான் முதலில் சிரித்தான். "இன்னாடா, உங்கப்பா செஞ்ச கேம்ல உங்க வூட்டையே காணோம்?"

"சிக்னல் ப்ராப்ளம்" என்றேன்.

"நம்ம தெருவுல கேரம் ரூம் இருக்குதேப்பா" என்றாள் பெரியவள். "ஜெயிச்சவங்க பேரெல்லாம் செவுத்துல எழுதியிருக்குதே. அத போட்டிருக்கலாமில்ல?"

"பாக்கலாம் போ" என்று சொல்லி நழுவினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் போனை எடுத்துக்கொண்டு, பறவை தேடி ரிச்மண்ட் டவுனுக்கே நடந்து போய்விட்டீர்கள். ஒரு அபார்ட்மென்ட் வாசல் மரத்துக்கு நான் வைத்த புள்ளி அது. கேட் கம்பியில் ஏறி எட்டிப் பார்த்த உங்களை வாட்ச்மேன் நிறுத்தி, அந்தப் போனிலேயே என்னைக் கூப்பிட்டார். அடித்துப் பிடித்து ஓடி வந்தேன்.

"பாப்பா ரிச்மண்ட் டவுன்னு சொல்லுது. எந்த ரோடுன்னா முழிக்குது" என்று சிரித்தார். "வூடு எங்க சார்?"

நாயைப் பிடித்துக்கொண்டு அந்த அபார்ட்மென்ட்காரர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மகளே, நீ என் முகத்தையே பார்த்தாய். நான் சொல்லிக் கொடுக்காமலே என் பொய்யைக் கற்றுக்கொண்டிருந்தாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"இங்கதான். ரிச்மண்ட் டவுன் பக்கம்" என்றேன்.

நீ தலையைக் குனிந்துகொண்டாய்.

அவர்கள் நகர்ந்ததும் வாட்ச்மேன் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வூடு ஜீவனஹள்ளிண்ணா. நானும் இங்க, பக்கத்துல இருக்கிற காக்ஸ் டவுன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன்." கண்ணடித்தார். நானும் சிரித்தேன். திருட்டில் கூட்டாளி கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

திரும்பி வரும்போது சின்னவன் கேட்டான். "நம்ம ஏரியா பேர சொன்னா அடிப்பாங்களாப்பா?"

கடலைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் நீங்கள் ஸ்கூலுக்குப் போன பிறகு கேரம் ரூமுக்குப் போனேன். பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பலகை தெரிந்தது, சுவரில் பச்சை பெயின்ட்டில் பேர்களும் தெரிந்தன. வாசலில் நின்று புள்ளி வைத்து, போட்டோ எடுத்தேன். 'இங்கே சாயங்காலம் கேரம் ஆடுவார்கள். ஜெயித்தவர் பேர் சுவரில் ஏறும்' என்று எழுதினேன். அதற்குக் கீழே அனுப்புகிறவரின் இடம் என்ற கட்டத்தில், எப்போதும் போல ரிச்மண்ட் டவுன் தானாக வந்து நின்றது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். நீலசந்திரா என்று அடித்தேன். மேடம் ஏற்றுக்கொள்வாரோ மாட்டாரோ, அனுப்பிவிட்டேன்.