சைவக் கடற்குதிரைகள்

1972ஆம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணிக்கு, கொழும்பில் கந்தோர் வேலை பார்த்த என் மாமா இரண்டு கடற்குதிரைகளுடன் நயினாதீவிலிருந்த எங்கள் வீட்டுப் படியேறினார். கரையில் வலை உதறியவர்களிடம் கேட்டு வாங்கியவை. கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த கண்ணாடிப் பெட்டியில் மணலும் கடல்நீரும் நிரப்பி, விறாந்தை மேசையில் வைத்தார். விரல் நீளமே இருந்த அவை நிமிர்ந்து நின்றபடியே நீந்தின. எட்டு வயதில் அதைவிடப் பெரிய செல்வம் எதையும் நான் கண்டதில்லை.

அப்பா கோயிற் பூசகர். ஆகவே அம்மாவுக்கு ஒரே கேள்விதான்.

"உதுகள் என்ன தின்னும்? மீன், இறாலெண்டால் இந்த வீட்டுக்குள்ளை வைக்க ஏலாது, தம்பி."

சோற்றுப் பருக்கை போட்டுப் பார்த்தோம், வாழைப்பழமும் போட்டோம். இரண்டையும் அவை பொருட்படுத்தவில்லை.

"விளக்கு வைக்க முன்னம் கடலிலை விட்டிடு" என்றார் அம்மா. நான் அழத் தொடங்கினேன்.

மாமா என்னருகே குந்தினார். "பிள்ளை, குதிரை என்ன தின்னும்?"

"புல்லு."

"அப்ப கடற்குதிரை?"

"கடற்புல்லு!"

"கேட்டியளே அக்கா? படிச்ச பிள்ளை சொல்லுது."

கரைக்கு ஓடி, முழங்காலளவு நீரில் வளர்ந்திருந்த கடற்புல்லைப் பிடுங்கி, நீர் சொட்டச் சொட்டக் கொணர்ந்து பெட்டியில் அமிழ்த்தினேன். கடற்குதிரைகள் வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்தன. பின்னர் குழல் வாயை இலைகளுக்கிடையே நீட்டின. 'டிக்' என்று ஓர் ஓசை, மீண்டும் 'டிக்'.

"மாமா, தின்னுது!"

அம்மா குனிந்து பார்த்தார். "ஐயோ, பாவங்கள்! சைவமெல்லே!" என்று உருகி, பெட்டிக்குத் திருநீறும் பூசினார். மாமாவுக்கு அப்போது பார்த்து இருமல் வந்துவிட்டது. இருமுவதற்குக் கிணற்றடி வரை ஏன் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை நானே புதுப் புல் பிடுங்கி வந்தேன். இலைகளெங்கும் கடுகளவுப் பூச்சிகள் இறால்போலத் துள்ளின. கீரையைப் போல அலசிக் கொடுப்பதே முறை. ஆனால் கிணற்று நீர் கடற்குதிரைகளுக்கு ஆகாது என்று மாமா சொல்லியிருந்தார். எனவே பெட்டி நீரிலேயே புல்லை அலசிச் சுத்தமாக வெளியே எடுத்தேன். பூச்சிகள் அத்தனையும் பெட்டிக்குள் தங்கிவிட்டன. சைவக்காரரின் நீரை அசுத்தப்படுத்தியதற்காகக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். 'டிக், டிக்' என்றது பெட்டி. மன்னித்துவிட்டன என்று எடுத்துக்கொண்டேன்.