ஊசி உடைந்தால் விளக்கு எரியாது

1996இல் காதர்பேட்டையில் ஒரு பனியன் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பேக்கிங் லிஸ்ட் அடித்துக்கொண்டிருந்தவர் அமீருன்னிசா. அதற்கு முன் ஆறு வருடம் அங்கேயே நிட்டிங் பக்கம் துணி செக்கிங். மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்ச இருபத்தைந்து நிமிடமும் விண்வெளியில் கப்பல் ஓட்டுவார். கம்ப்யூட்டர் சரிபார்க்க வந்த யாரோ ஏற்றிவிட்டுப் போன கேம் அது. கப்பல் உடைந்தால் எல்லாம் போச்சு. முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்று மாத மதியங்களைக் கொட்டி வளர்த்த கப்பல்.

அன்று இரண்டு கொள்ளைக் கப்பல்கள் சேர்ந்து வந்தன.

அமீருன்னிசா பதறவில்லை. பீரங்கிக்காரன், ஓட்டுநர், பழுது பார்ப்பவன் மூவரையும், அவரவர் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் ‘ஆட்டோ’வில் போட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார். நிட்டிங் மெஷினில் நூல் அறுந்தால் அதுவே நின்று சிவப்பு விளக்கு எரியும். எரிகிற மெஷினுக்கு மட்டும் ஓடினால் போதும். ஒரே ஆள் ஆறு மெஷின் பார்ப்பது அப்படித்தான். திரையின் ஓரத்திலும், ஆள் யாராவது வேலையை நிறுத்தினால் எரிய ஒரு சிவப்பு விளக்கு இருந்தது; அதற்குக் காத்திருந்தார்.

“ஏனம்மிணி, கப்பல் நொண்டுதுங்களே?” என்றார் பின்னால் நின்ற நிட்டிங் ஃபிட்டர் கன்னையன்.

“வெளக்கு எரியலீங்கண்ணா. ஆட்டோ பாத்துக்கும்.”

“எங்கூட்டு எருமையும் ஆட்டோதானுங்க. நேரா அடுத்தவன் சோளக்காட்டுக்குப் போயிரும்.”

அடுத்த குண்டில் கப்பலின் பலம் பாதியானது. அதற்கடுத்ததில் கால். விளக்கு எரியவே இல்லை. அமீருன்னிசா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நூல் அறுந்தால்தான் விளக்கு. ஊசி உடைந்தால் எரியாது. மெஷின் அது பாட்டுக்கு ஓடும், துணியில் கோடு விழுந்துகொண்டே போகும். கோட்டைக் கண்தான் பிடிக்க வேண்டும். ஆறு வருடம் அவர் செய்த வேலையே அதுதானே.

விளக்கை விட்டு ஆட்களைப் பார்த்தார். பழுது பார்ப்பவன் தன் பக்கத்திலிருந்த கதவைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான். பின்னால் இன்ஜின் புகைந்துகொண்டிருந்தது. எது அருகில் உடைகிறதோ அதற்குப் போவான்; ஆட்டோவின் புத்தி அவ்வளவுதான்.

அவனை மட்டும் ஆட்டோவிலிருந்து எடுத்து இன்ஜினுக்கு விரட்டினார். மற்ற இருவரையும் தொடவில்லை. அவன் நடக்க நடக்க இரண்டு குண்டுகள் விழுந்தன.

“அம்மிணி, மொதலாளி படியேறறாருங்க.”

அமீருன்னிசா திரும்பவில்லை. வேகமுள் துடித்தது, ஏறியது. கொள்ளைக்காரர்கள் பின்தங்கினார்கள். நான்கே சதவீத பலத்தோடு கப்பல் துறைக்குள் நுழைந்தது. ஆட்டத்தைப் பதிவு செய்தார், பேக்கிங் லிஸ்ட்டைத் திறந்தார். அறைக் கதவும் திறந்தது.

முதலாளி கேட்ட பெட்டி எண்ணிக்கையைப் பிசகாமல் சொன்னார்.

முதலாளி தன் அறைக்குள் போனதும் கன்னையன் குனிந்து மெல்லக் கேட்டார்: “எருமையப் புடிச்சுக் கட்டிப்போட்டீங்களாட்ட இருக்குது?”