நின்றுபோன தஸ்பீஹ் மெஷினும் என் மகள் ஸஹ்லாவும்

சகோதரிகளே, இதை உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

ரமழானுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் வெங்காயத் தோட்டத்தில் நின்றார். பகல் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம்தான், என் மகள் ஸஹ்லா வாயில் வீணீர் வடிய வடிய அழத் தொடங்கினாள். இரண்டரை வயது. தண்ணீர் கொடுத்தால் துப்பினாள். சோற்றைக் கண்டால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். பக்கத்து வீட்டு ராத்தா வந்து தொண்டையைத் தடவிப் பார்த்தார்.

"குத்திக்காசு முழுங்கிட்டாள் போல. பயப்படாத புள்ள, நாளைக்குத் தானா வெளிய வந்துரும். வாழப்பழம் குடு."

நானும் நம்பினேன், மடச்சி. வாழைப்பழம் இறங்கவில்லை. தேனில் ஷிஃபா, நோய்க்குக் குணம், உண்டு என்று கேட்டு வளர்ந்தவள் நான். சின்னக் கரண்டியால் நக்கக் கொடுத்தேன். அது மட்டும் இறங்கியது.

அஸர் தொழுதேன். "யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு என்னண்டு எனக்கு விளங்கல்ல. நீயே காட்டித் தா" என்று அழுது கேட்டேன். பிறகு அல்லாஹ்வின் பெயரைச் சொல்லித் திக்ர் செய்ய, விரலில் மாட்டி எண்ணுகிற அந்தச் சின்னத் தஸ்பீஹ் மெஷினை எடுத்தேன். உம்ரா போய் வந்த சாச்சி தந்தது. பொத்தானை அமத்தினேன். இலக்கம் வரவில்லை. திருப்பிப் பார்த்தேன். பின்மூடி இல்லை. உள்ளே பட்டரியும் இல்லை.

என் உயிர் போய் வந்தது. அல்லாஹ்வை நினைக்க வைத்திருந்த சாமான் என் பிள்ளையின் தொண்டையில். அவளை வாரித் தூக்கி, தேன் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். புத்தளம் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வழியெல்லாம் தேன் கொடுத்தேன். எனக்கு வேறு என்ன தெரியும்?

காது மூக்கு தொண்டை டொக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "பாருங்க, விளிம்புல ரெண்டு வளையம். காசுக்கு இப்படி வராது. பட்டரிதான்." மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். எடுத்ததன் ஒரு பக்கம் கருகியிருந்தது.

"இடையில என்ன குடுத்தீங்க?" என்று டொக்டர் கேட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நினைத்தேன்.

"தேன், டொக்டர்."

"நல்லதாப் போச்சு. ஒரு வயசு தாண்டின புள்ளைக்கு வழியில தேன் குடுத்தா புண் குறையுமாண்டு நாங்களும் இப்ப கதைச்சுக்கிட்டுத்தான் இருக்கம். ஆனா தேன நம்பி வீட்டுல இருந்திருந்தா புள்ள தப்பியிருக்காது. பட்டரி ரெண்டு மணித்தியாலத்துலயே சுட்டுரும்."

அல்ஹம்துலில்லாஹ், புண் ஆறிவிட்டது. இப்போது ஸஹ்லா சண்டை பிடித்துச் சாப்பிடுகிறாள். மாறினது நான். முன்பு ஆயிரம் எண்ணி முடியும்வரை பிள்ளை அழுதாலும் எழும்ப மாட்டேன். அதில் பெருமை வேறு. இப்போது அவள் சத்தம் கேட்டால் எழும்பிவிடுகிறேன்.

ரிமோட்டோ விளையாட்டுச் சாமானோ, பட்டரி உள்ள எதன் மூடியையும் இன்றைக்கே இறுக்கிவிடுங்கள். கஷ்டம் வந்தால் அல்லாஹ்விடம் கேளுங்கள். நான் கேட்ட கண்ணீர் காயுமுன் அவன் பதிலை என் கையில் வைத்தான். உங்களுக்கும் வைப்பான். வைத்தபிறகு முஸல்லாப் பாயில் உட்கார்ந்து அழாதீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.